கேரட் வண்டி அண்ணனுக்கு நன்றி

தாத்தாவை வழியனுப்பிய அன்று காலையிலிருந்தே மழை. கேத்தி ரோட்டில் சீகை மரம் சாய்ந்து அமரர் ஊர்தி அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டது. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிக்கொண்டு கிளம்பிய நீங்கள்தான் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டைகளை இறக்கி, வண்டியைக் கழுவி, அவரைச் சுடுகாடு வரை கொண்டுவந்து சேர்த்தீர்கள். வாடகையும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.

நீங்கள் ஏற்றிப்போனது யாரை என்று சொல்ல வேண்டும் அண்ணா. வேலை பார்த்த காலம் முழுக்கக் கடற்படையிலேயே இருந்தவர். 1971 போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் பாய்லர் அறையில் வேலை. அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங், காக்ஸ் பஜார் மேல் அதன் விமானங்கள் குண்டு போட்டதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்தான், நாலு பாய்லரில் ஒன்று விரிசல் விட்டும் மூன்றை வைத்தே கப்பலை ஓட்டிய கதையைத்தான் விடிய விடியச் சொல்வார். பேரப்பிள்ளைகள் எங்கள் ஷூ லேஸில்கூட மாலுமி முடிச்சுதான், சாயங்காலம் அதை அவிழ்க்க அம்மா திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உங்கள் தார்ப்பாய் முடிச்சைப் பார்த்திருந்தால் கட்டாயம் அவிழ்த்து மறுபடி கட்டியிருப்பார், கோபிக்காதீர்கள்!

அப்புறம், இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாங்க. பாட்டி உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். டீசல் காசையும் வாங்கிக்கொண்டுதான் போகணும்.