வளரும் விரல்களை வலியோடு ஏற்றாதீர்கள்: கிளைம்பிங் கோச்சுகளுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளைகளுக்குப் பாறையேற்றம் சொல்லித்தரும் கோச்சுகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கை, விரல் காயங்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். சுவர் ஏறுகிறவளும்கூட. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்போர்ட் கிளைம்பிங் சேர்ந்த பிறகு, பிள்ளைகளை இதில் சேர்க்கப் பெற்றோருக்கு இருந்த தயக்கம் குறைந்திருக்கிறது. மண்டலப் போட்டி, தேசியப் போட்டி என்று சப்-ஜூனியர் பிரிவிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. 13, 14 வயதுப் பிள்ளை வந்து "விரல் வலிக்குது சார்" என்றால், பெரியவர்களுக்குச் சொல்லும் பதிலைச் சொல்லாதீர்கள்.

பெரியவர்களுக்கு அடிபடும் இடம் வேறு. விரலை மடக்கும் தசைநாரை எலும்பை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ள, பெல்ட்டைப் பிடிக்கும் லூப் மாதிரி சில பட்டைகள் இருக்கின்றன. அவற்றில் விரலின் அடிப்பகுதியில் இருக்கும் ஏ2 புல்லிதான் ஏறுகிறவர்களுக்கு அதிகம் கிழிவது. பெரும்பாலும் மோதிர விரலில். சுவரில் ஒரு சின்ன ஹோல்டை (கைப்பிடியை) பிடித்திருக்கையில் கால் வழுக்கி, உடம்பின் எடை முழுக்க விரலில் இறங்கும் நொடியில் 'டப்' என்று சத்தமே கேட்கும். வலி உள்ளங்கைப் பக்கம் இருக்கும். அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும். ஒரு பட்டை மட்டும் கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. விரலுக்கு வளையம் போட்டு, ஓய்வு கொடுத்து, படிப்படியாகச் சுமையை ஏற்றினால் மீண்டு வருகிறார்கள்.

வளரும் பிள்ளைக்கு நடப்பது இதுவல்ல. விரல் எலும்பின் அடிமுனையில் வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், அந்த வயதில் தசைநாரையும் பட்டையையும்விட அதுதான் பலவீனமான இடம். ஃபுல் கிரிம்ப் பிடியைக் கவனியுங்கள்: நடு மூட்டு நன்றாக மடங்கி நிற்கிறது, நுனி மூட்டு பின்பக்கம் வளைகிறது, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் ஏறி அழுத்துகிறது. அப்போது நடு எலும்பின் அடியில், புறங்கைப் பக்கத்து ஓரத்தில் அழுத்தம் குவிகிறது. வாரக்கணக்கில் இதே பிடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த ஓரம் மெல்ல விரிசல் விடுகிறது. சத்தம் கேட்காது. விழுந்ததாகவோ வழுக்கியதாகவோ பிள்ளையால் சொல்லவும் முடியாது. வேகமாக உயரம் கூடும் மாதங்களில்தான் இது அதிகம் வருகிறது, பெரும்பாலும் நடுவிரலில்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது வலி எந்தப் பக்கம் என்பதை. உள்ளங்கைப் பக்கமா, புறங்கைப் பக்கமா? நடு மூட்டைப் புறங்கைப் பக்கம் உங்கள் கட்டைவிரலால் அழுத்தும்போது பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பக்கவாட்டுக் கோணத்திலும் சேர்த்து. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ பார்க்கச் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அந்த மூட்டு வேர்க்கடலை அளவுக்குத் தடித்திருந்தது. கோச் டேப் சுற்றி ஏறச் சொல்லியிருக்கிறார். வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி, சொடக்கும் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் அக்கறையில் செய்ததுதான். ஆனால் விரிசல் விட்ட வளர்ச்சித் தட்டுக்கு நீவுவதும் சொடக்கு எடுப்பதும் கெடுதல். டேப் அதைக் காப்பாற்றாது. சீக்கிரம் கண்டுபிடித்து, சுவரை விட்டு இறக்கினால் சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் தானாகவே கூடிவிடும் காயம் இது. விட்டுவிட்டால் தட்டு பாதியில் மூடிக்கொள்ளலாம், விரல் கோணலாக வளரலாம், மூட்டு ஆயுளுக்கும் விறைத்துப் போகலாம். 14 வயதில் ஒரு மெடலுக்காக இதைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது.

அடுத்தது கேம்பஸ் போர்டு: கால் வைக்காமல் கையால் மட்டும் ஏறிப் பழக, வரிசையாகக் கட்டைகள் பதித்த சாய்வுப் பலகை. வோல்ஃப்காங் குல்லிச் 1988-ல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஒரு ஜிம்மில் அதை மாட்டியபோது அவர் முழுதாக வளர்ந்த ஆள், உலகின் முன்னணி ஏறுநர். அந்தப் பயிற்சியின் பலத்தில் 1991-ல், மிகக் கடினமான பாறைப் பாதைகளில் ஒன்றான ஆக்‌ஷன் டிரெக்ட் பாதையை ஏறினார். அப்படிப்பட்டவர் தனக்காகச் செய்துகொண்ட கருவியில், கால் ஊன்றாமல் எட்டிப் பிடித்துத் தொங்க 12 வயதுப் பிள்ளையை அனுப்புகிறோம். 18 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று பிரிட்டிஷ் மலையேற்ற கவுன்சில் சொல்லிவருகிறது. நம் ஜிம்களிலும் அதே விதியை எழுதி ஒட்டுங்கள். எடை கட்டி ஹேங்போர்டில் (விரலால் தொங்கிப் பழகும் பலகையில்) தொங்குவதையும் அதோடு சேருங்கள். வளரும் வயதில் கற்றுக்கொள்ளக் கால் வேலை, சமநிலை, திறந்த விரல் பிடி (விரலை அதிகம் மடக்காமல் பிடிப்பது) என்று நிறையவே இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இரண்டு கிலோ குறைச்சா அந்த மூவ் வந்துடும்" என்று பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். போதுமான சாப்பாடு இல்லாத உடம்பில் எலும்பு தேறாது, மாதவிடாய் நின்றுபோகும். ஏறுநர்களின் குறைந்த எடை விஷயத்தில் நடவடிக்கை போதவில்லை என்று 2023-ல் சர்வதேச ஸ்போர்ட் கிளைம்பிங் சம்மேளனத்தின் மருத்துவக் குழுவிலிருந்தே மருத்துவர்கள் விலகினார்கள். பிரச்சினை அந்த அளவுக்குப் பெரிது.

ஜிம் கதவோரம் ஒரு உயர அளவுகோல் ஒட்டி, மாதாமாதம் குறித்து வையுங்கள். யாருக்கு உயரம் சட்டென்று கூடுகிறதோ, அவருக்கு அந்த மாதங்களில் கிரிம்ப் பிடியைக் குறையுங்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையின் விரல் மூட்டுகளையும் அழுத்திப் பாருங்கள். வலிக்கிறது என்றால் பெயரை எடுத்துவிடுங்கள். பெற்றோரிடம் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்