'மற்றும் பலர்' யார் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழின் திரை விமர்சனத்தில் கதாநாயகனின் தாடிக்கே மூன்று வரி ஒதுக்கியிருந்தீர்கள். கூட நடித்த ஏழெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வரி: 'மற்றவர்களும் கொடுத்த வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.' எங்கள் தெரு ரேஷன் கடையில் பில் போடுகிறவரைப் பற்றிக்கூட நான் இதைவிடக் கூடுதலாகச் சொல்வேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மாமியாருக்கு முழங்கால் வலி, தியேட்டர் படி ஏற முடியாது. இரண்டு வருடமாக எங்கள் தியேட்டர் கூடத்து டிவிதான். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு பாதிப் படம், மறுநாள் மீதிப் படம். பெரும்பாலும் எல்லாரும் பார்த்து முடித்த படங்களைத்தான் நாங்கள் பார்ப்போம். இப்படித் துண்டு துண்டாகப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. மறுநாள் பகலெல்லாம் மனசில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பல நேரம் அது கதாநாயகன் இல்லை.

'பார்க்கிங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாடிக்குக் குடிவந்த பையன் கார் வாங்குகிறான், கீழ்வீட்டுக்காரருக்கு பைக்கை எடுக்க இடைஞ்சல், அவரும் ஒரு காரை வாங்கி அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். அவ்வளவுதான் கதை. எம்.எஸ்.பாஸ்கர் கத்துகிற இடங்களில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கத்தாமல், அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. நேர்மையான அரசாங்க உத்தியோகஸ்தர், வீட்டில் எந்தச் செலவுக்கும் கணக்குப் பார்க்கிற மனிதர், ஒரு வீம்புக்காகக் கார் வாங்குகிறார். அதை நாமும் நம்பிவிடுகிறோம். "நம்ம பழைய வீட்டுக்காரன் மாதிரியே இருக்கான்டி" என்றார் அத்தை. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' சீரியலில் பட்டாபியாக வந்து நம்மைச் சிரிக்க வைத்தவரும் இவர்தான். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்த பிறகுதான் 'ஆமாம், நல்ல நடிகர்' என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் பிற்பாதியில் அடிதடி அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பது என் எண்ணம். இடத்துக்கான சண்டை கொலைவெறியாகும்போது பாஸ்கரே கொஞ்சம் தொலைந்துபோகிறார்.

'லப்பர் பந்து' பார்த்த எல்லாரும் தினேஷின் கெத்தைப் பற்றியே பேசினார்கள். சரி, பேசட்டும். எங்கள் வீட்டில் பேச்சு சுவாசிகாவைப் பற்றித்தான். டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து புருஷன் கிரிக்கெட் ஆடுகிற மைதானத்தையே உழுதுவிடுகிறார். கல்யாண வயதுப் பெண்ணுக்கு அம்மா வேஷம், அதற்காகத் தலையில் வெள்ளையைப் பூசிக்கொண்டு இருமவில்லை. கோபம் ஒரு பக்கம், புருஷன் மேல் இன்னும் தீராத ஆசை ஒரு பக்கம், இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார். அவருக்கு மாமியாராக கீதா கைலாசம். மருமகளிடம் அதட்டவும் இல்லை, குழையவும் இல்லை. அந்த இரண்டு பேரும் வரும் காட்சிகளில் அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

'கொட்டுக்காளி'க்குப் பின்னணி இசையே கிடையாது. அது தெரியாமல் டிவி ரிப்பேர் என்று அத்தை ரிமோட்டை இரண்டு தட்டுத் தட்டினார். சூரி, தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கட்டிய குரலில் படம் முழுக்க எரிந்து விழுகிறார். 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டா தின்றவரா இவர்! அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. ஆட்டோவைத் திருப்ப இடமில்லாமல், அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ஆம்பிளைகள் கூடி அதைத் தூக்கித் திருப்புகிறார்கள். அப்போதும் அந்த முகத்தில் ஒரு சலனம் இல்லை. வழியை மறித்து நிற்கும் மாட்டுக்கு இத்தனை மீசைக்காரர்களும் பயந்து ஒதுங்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போகிறாள். அந்தக் குழந்தைக்கு எந்த விமர்சனத்திலாவது ஒரு வரி கிடைத்திருக்குமா?

'மகாராஜா'வில் சிங்கம்புலி செய்ததை விளக்கினால் இன்னும் பார்க்காதவர்கள் என்னைத் திட்டுவார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்பு அவர் முகத்தைக் கண்டாலே சிரிப்பார் அத்தை. அந்தப் படத்துக்கு அப்புறம் ஏதோ ஒரு பழைய காமெடியில் அவர் வந்தபோது, சேனலை மாற்றச் சொல்லிவிட்டார்.

அதற்காகத் துணை நடிகர் என்றாலே தூக்கி வைத்து ஆடச் சொல்லவில்லை. 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் யோகி பாபுவுக்குப் பெரிதாக வேலையே இல்லை, அவரும் இல்லாத வேலையைச் செய்யவில்லை. சசிகுமாரின் இலங்கைத் தமிழ் அங்கங்கே மதுரைப் பக்கம் போய்விட்டு வந்தது. மனைவியைப் பறிகொடுத்து நிற்கும் குமரவேல்தான் அந்தப் படத்தில் என்னை அழவைத்தவர்.

கடைசியாக 'மெய்யழகன்'. நீளம் என்று பலர் சொன்னதால் வெளியான சில நாளிலேயே 18 நிமிடம் குறைத்தார்களாம். எங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்போம், இரண்டு ராத்திரிக்கு வைத்துப் பார்க்கிறவர்களுக்கு நீளம் என்ன செய்யும்? அரவிந்த்சாமி மேடையில் தங்கைக்குக் கொலுசு போட்டுவிடும் இடம் எல்லாருக்கும் பிடித்ததுதான். எனக்கு அதைவிட, அதே கல்யாண வீட்டில், உன்னையே கட்டியிருக்கலாம் என்கிற மாதிரி மனசைத் திறந்து பேசிவிட்டுப் போகும் அந்த உறவுக்காரப் பெண். வந்துபோவது கொஞ்ச நேரம்தான். ஒரு முழுக் குடித்தனத்தின் கசப்பையும் அதற்குள் சொல்லிவிட்டார்.

யார் இவர் என்று பெயர் பார்க்க உட்கார்ந்தேன். எழுத்து ஓட ஆரம்பித்ததுமே திரை சின்னதாகிச் சுருங்கி, 'அடுத்த படம் 5 விநாடியில்' என்று எண்ணத் தொடங்கிவிட்டது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் வேறு ஏதோ படத்தில் கார்கள் பறந்துகொண்டிருந்தன. 'அத்தான், அத்தான்' என்று உருகுகிறவனின் பெயர் தெரியாமல் ஒரு மனிதர் தவிக்கிற கதையைப் பார்த்து முடித்த கையோடு எனக்கும் அதே கதி.

அந்த நடிகையின் பெயரை அடுத்த இதழில் போடுங்கள். அத்தை தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.