மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் எங்களுக்கு இன்னொரு தொழிலைக் கற்றுத் தந்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் உடையீர், வணக்கம்.

நெல் அறுக்கும் வெட்டு மெசின் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கிய பின் அரிவாள் பிடித்த கைகளுக்கு என்ன நடந்தது என்பது மட்டக்களப்பில் எல்லோரும் அறிந்ததுதான். பெரும்போக அறுவடை என்றால் முன்பு வெட்டு, உப்பட்டி கட்டு, கதிரைக் குவித்துச் சூடு வைப்பு, சூடடிப்பு என்று தை தொடங்கிப் பங்குனி வரை கூலி இருந்தது. இன்று ஓர் ஏக்கரை மெசின் ஓரிரு மணித்தியாலத்தில் முடித்து நெல்லை நேரே மூடையில் கொட்டுகிறது. களைநாசினி வந்ததும் களை பிடுங்கிய பெண்களின் கூலியும் போனது. இப்படி வேலை இழந்தவர்களுக்காக நடந்த விவசாய இயந்திரத் திருத்தப் பயிற்சி நல்லபடியாக முடிந்திருக்கிறது. அதற்குத் தோள் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறோம். வேறு பிரதேச செயலகப் பிரிவுகளில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அது பயன்படும்.

முதல் நன்றி, காலத்தைச் சரியாகப் பார்த்துக் குறித்த திறன் விருத்தி உத்தியோகத்தருக்கு. பயிற்சி இடையில் கலைந்து போவதற்குப் பெரும்பாலும் பாடம் காரணமாக இருப்பதில்லை, தொடங்கும் மாதமே காரணம். தையில் தொடங்கினால் மிச்சமிருக்கும் அறுவடைக் கூலிக்கு ஆட்கள் போய்விடுவார்கள். ஐப்பசியில் தொடங்கினால் விதைப்பு, அதன் பின்னாலேயே மழை. வெள்ளம் பாதையை மறித்துவிடும். மானாவாரி வயலை நம்பிய ஊர்களில் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில்தான் கையில் வேலை இராது. அவர் அந்த இடைவெளியைப் பிடித்தார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களுக்கு வகுப்பு இல்லை என்பதையும் முதல் நாளே அட்டவணையில் எழுதிவிட்டார். கூலிக்காரர் வாரம் முழுவதும் வகுப்பில் இருந்தால் அடுப்பு எரியாது என்று வாரத்தில் சில நாட்களைக் கூலி வேலைக்காக விட்டதும் அவர்தான். ஆள் குறையாமல் கடைசி வரை வந்ததற்கு இந்த மூன்றும்தான் காரணம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

கிராம உத்தியோகத்தர்களுக்கும் பெரிய நன்றி. லேண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கரக் கை உழவு இயந்திரத்தை ஓட்டியும் திருத்தியும் பழகியவர்கள் எங்களில் சிலர் இருந்தார்கள். அவர்களிடம் கடதாசி எதுவும் இல்லை. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வீ.கியூ, 7 மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஏற்கெனவே வேலை தெரிந்தவர் பாடநெறியை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டினால் தகைமை பெறலாம். அந்த ஆதாரக் கோப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்று இருந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். கிராம உத்தியோகத்தர்கள் வீட்டுக்கே வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, திருத்த வேண்டியதை முன்கூட்டியே திருத்த வைத்தார்கள். வேலை செய்வித்த கமக்காரர்களிடம் திகதியும் இயந்திரத்தின் வகையும் போட்டுக் கடிதம் வாங்கித் தந்தார்கள். ‘நல்லவர், வல்லவர்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. என்ன இயந்திரம், என்ன பழுது, என்ன செய்தார் என்பது அதில் இருக்க வேண்டும்.

போதனாசிரியர் சேர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எழுத்துக் குறைந்தவர்களும் இருந்த வகுப்பில் நீங்கள் கரும்பலகையில் தொடங்கவில்லை. “தண்ணி இழுக்குதில்லை” என்று கமக்காரர் கொண்டுவந்து இறக்கிய தண்ணீர்ப் பம்பியில்தான் தொடங்கினீர்கள். எஞ்சினைக் கழற்றக் கை துடிக்கும். அதற்கு முன் பார்க்க வேண்டிய வரிசையை எங்கள் மண்டையில் ஏற்றினீர்கள். பம்பி உடலுக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா? இழுக்கும் குழாயின் நுனியிலுள்ள சல்லடையில் பாசி அடைத்திருக்கிறதா? குழாய் இணைப்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா, கிளிப் இறுகியிருக்கிறதா? இழுக்கும் பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. இணைப்பைச் சுற்றிக் கிறீஸ் பூசியதும் தண்ணீர் ஏறினால், கள்ளன் அங்கேதான். இதெல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் உயரத்தைப் பார்க்க வேண்டும். கோடையில் குளத்து நீர் இறங்க இறங்க, பம்பியை அணைக்கட்டிலேயே வைத்துவிட்டுக் குழாயை மட்டும் நீட்டுகிறோம். ஏழு மீற்றருக்கு மேல் இழுக்கச் சொன்னால் நல்ல பம்பியும் திணறும். பம்பியை நீருக்குக் கிட்ட இறக்கி வைத்து, தள்ளும் குழாயை நீட்டுவதுதான் வழி.

தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால், கசிவைத் தடுக்கும் சீல் எரியும். பம்பிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சொட்டு விழுந்தால் அதுதான் அடையாளம். போகம் முடிந்ததும் பெற்றோலை உள்ளேயே விட்டு மூலையில் வைத்தால் காபரேட்டருக்குள் பிசின் போல் படிந்து, பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட் அடைபடும். அதைக் கம்பியால் குத்தினால் துளை பெருத்து, பிறகு பெற்றோல் குடிக்கும். காற்றடித்துத்தான் துப்பரவு செய்ய வேண்டும். எடுத்து வைக்கும்போது பெற்றோல் திருகியை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் இந்தத் தொல்லையே வராது. எங்கள் பக்கம் அதிகம் உள்ள 5.5 குதிரைவலு எஞ்சினுக்கு ஒயில் சுமார் 600 மில்லிலீற்றர், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். சில எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் தீப்பொறியைத் தானே நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. வரம்பில் சரித்து வைத்தாலும் அது அப்படியே நிறுத்திவிடும். ‘கரண்ட் இல்லை’ என்று கொண்டுவரும் எஞ்சினைச் சமதரையில் வைத்து ஒயில் அளவைப் பார்த்த பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும்.

லேண்ட்மாஸ்டரைக் கைபிடி போட்டுச் சுற்றும்போது பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைக்கச் சொல்லி ஒவ்வொருவரின் கையையும் நீங்கள் பிடித்துப் பார்த்தீர்கள். எஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துபோகும். டீசல் குழாயில் காற்று எடுக்கும்போது இன்ஜெக்டருக்கு நேரே கை காட்டக் கூடாது, அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் என்றதையும் மறக்கமாட்டோம்.

ஏறாவூரிலும் கல்முனையிலும் கராச் வைத்திருக்கும் நானாமாருக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. பழகுபவனை நிறுத்திவைத்துக் கழுவவும் கூட்டவும் மட்டும் விடுவதுதான் பல இடங்களில் வழக்கம். நீங்கள் வாடிக்கையாளரின் பம்பியையே எங்கள் கையில் தந்தீர்கள். கழற்றிய வரிசையில் நட்டுகளைத் தட்டில் அடுக்கவும், பூட்டும்போது அதே வரிசையில் பின்னிருந்து வரவும் பழக்கினீர்கள். கூலி எப்படிச் சொல்வது, பாகத்தின் விலையையும் வேலைக் கூலியையும் தனித்தனியே எழுதிக் காட்டுவது ஏன் என்பதும் உங்களிடம் கற்றதுதான். அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட முன்பள்ளி ஆசிரியை அக்காமார் இல்லையென்றால் பெண்களில் பாதிப்பேர் முதல் வாரத்திலேயே நின்றிருப்பார்கள். வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் ‘பாதை’ப் படகில் கருவிப் பெட்டியோடு எங்களை ஏற்றி இறக்கியவர்களுக்கும் நன்றி.

கடைசியாக, வேலைக் கருவிகள் தந்தவர்களுக்கு. சான்றிதழ் இருந்தும் நட்டுக் கழற்றும் சாவி இல்லாவிட்டால் தொழில் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் பணமாகத் தராமல், ஒவ்வொருவருக்கும் 8 முதல் 19 மில்லிமீற்றர் வரையான சாவிகள், பிளக் சாவி, இடைவெளி பார்க்கும் தகடு, குறடு, காற்றடிக்கும் பம்பி என்று பெட்டியாகவே வாங்கித் தந்தார்கள். பணமாக வந்திருந்தால் கடனுக்குப் போயிருக்கும். அந்த நிலைமையைப் புரிந்து செய்த உதவி இது.

கமக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பழுதான பம்பியை எங்களிடம் கொண்டுவரும்போது இழுக்கும் குழாயையும் சல்லடையையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். பழுது பாதி நேரம் அங்கேதான் இருக்கும். விதைப்புக்கு முன், புரட்டாசியிலேயே வந்தால் காத்திருக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
விவசாய இயந்திரத் திருத்தப் பயிற்சி பெற்றோர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.