கருவி மேலே வருவதற்குள் பவளம் வெளுத்துவிடுகிறது

கடல் கண்காணிப்புத் தரவுகளை வைத்திருக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும், கடல் பூங்கா நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

பவளப்பாறை ஓரமாகக் கம்பி நட்டு, கட்டைவிரல் பருமனில் இருக்கும் வெப்பப் பதிவுக் கருவியைக் கேபிள் டையால் கட்டிவிட்டு வருவோம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் போனால் அதன் மேலெல்லாம் பாசியும், ஓட்டோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிரான கொட்டலசும் அப்பியிருக்கும். கத்தியால் சுரண்டிக் கரைக்குக் கொண்டுவந்து கணினியில் மாட்டினால்தான், எந்த வாரம் தண்ணீர் சூடேறியது என்று தெரியும். அதற்குள் பக்கத்திலிருந்த மான்கொம்புப் பவளம் அந்தச் சூட்டில் வெளுத்து, செத்து, அதன் மேலும் பாசி ஏறியிருக்கும். பிரேதப் பரிசோதனைக்குத்தான் உதவும் அந்தத் தரவு.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 5 கிலோமீட்டர் கட்டங்களாக நாள்தோறும் வெப்ப நிலவரத்தை வெளியிடுகிறது, காசு கேட்பதில்லை. ஓரிடத்தின் மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ ஏறினால், அந்த மிகுதியை, வாரத்துக்கு இத்தனை டிகிரி என்று, 12 வாரங்களுக்குக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 4 ஆனால் வெளிறலை, அதாவது பவளம் வெளுப்பதை, எதிர்பார்க்கலாம். 8 ஆனால் சாவை. நல்ல கணக்குதான். ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை. கீழே, ஆழத்துக் குளிர்நீர் ஏறிவந்து காப்பாற்றும் திட்டும் உண்டு, ஓட்டமில்லாத நீரில் வேகும் திட்டும் உண்டு. எதை முதலில் காக்கலாம் என்பதை அந்த வேறுபாடுதான் சொல்லும். அதைக் காட்டும் கருவிப் பதிவுகளோ, ஆய்வுக் கட்டுரை அச்சாகும்வரை உங்கள் கணினிகளில் பூட்டிக் கிடக்கின்றன.

கட்டுரை எழுதுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? கச்சாத் தரவை மட்டும் எடுத்த வாரமே திறந்துவிடுங்கள். முக்கியமான சில திட்டுகளிலாவது உடனுக்குடன் செய்தி அனுப்பும் மிதவைகளை நிறுத்துங்கள்.

பூங்கா நிர்வாகிகளே, எச்சரிக்கை வந்தபின் கூட்டம் போடாதீர்கள். 2010 வெளிறலுக்குப் பிறகு தாய்லாந்து சில முக்குளிப்பு இடங்களையே மூடியது. 2023 ஜூலையில் ஃபுளோரிடாவில் நாற்றங்கால் பவளங்களைக் கடலிலிருந்து எடுத்துக் கரைத் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் தண்ணீரைக் குளிர்விக்காது, தெரியும். காய்ச்சலில் கிடப்பதை நங்கூரம் போட்டு உடைக்காமலாவது இருக்கலாமே. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டாயிற்று.

அடுத்த கோடைக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்: எண் 4 ஆனால் எந்தத் திட்டுக்குப் படகு போகக் கூடாது, 8 ஆனால் தொட்டிகளை யார் தயார் செய்வது. என்னிடமுள்ள பழைய பதிவுகளை, கேட்பவருக்கெல்லாம் தருகிறேன்.

இப்படிக்கு,
கொட்டலசு சுரண்டும் முக்குளிப்பாளர் ஒருவர்