மேடை தெரியாத சக்கர நாற்காலி இடம்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

பொருள்: வில்லி நெல்சன் கச்சேரி – சக்கர நாற்காலி இடம் குறித்த புகார்

வணக்கம்.

போன மாதம் டெக்சாஸில் நடந்த, அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் வில்லி நெல்சனின் திறந்தவெளிக் கச்சேரிக்கு உங்கள் தளத்தில் இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒன்று சக்கர நாற்காலிக்கான இடம், இன்னொன்று துணைக்கு வருபவரின் இருக்கை. மேடை தெளிவாகத் தெரியும் என்று போட்டிருந்தீர்கள். தெரிந்தது, கச்சேரி தொடங்கும்வரை.

நாற்காலியில் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். வயது எண்பதை நெருங்குகிறது. நான் ஆஸ்டினுக்குக் குடிவந்த புதிதில், கன்ட்ரி இசை என்றால் தொப்பியும் புலம்பலும்தான் என்று நினைத்திருந்தேன். தாளத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் வரிகளை நழுவவிட்டு, கடைசியில் சரியாக வந்து சேரும் வில்லியின் பாணியை, வீட்டு வராந்தாவில் என்னை உட்கார வைத்துப் புரியவைத்தவர் அவர்தான். 1972இல் ஆஸ்டினின் ஆர்மடில்லோ வேர்ல்டு ஹெட்குவார்ட்டர்ஸ் என்ற இசை அரங்கில் வில்லி முதன்முறை பாடியபோது ஹிப்பிகளும் கௌபாய்களும் ஒன்றாக நின்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர்.

இந்த முறை அவருக்கு ஒரே ஆசை, 'ட்ரிகர்' கிட்டாரைப் பார்க்க வேண்டும். வில்லி 1969இல் வாங்கிய, நைலான் நரம்பு பூட்டிய மார்ட்டின் கிட்டார் அது. விரலும், நரம்பை மீட்டும் பிக்கும் உரசி உரசி அதன் பலகையில் இன்னொரு ஓட்டையே விழுந்திருக்கிறது. பைனாகுலரைக்கூடத் துடைத்து எடுத்து வந்திருந்தார் மனிதர்.

வில்லி வழக்கம்போல 'விஸ்கி ரிவர்' பாட்டில் தொடங்கினார். முன்வரிசைகள் மொத்தமும் எழுந்தன, கடைசிவரை உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பாட்டுக்கு யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஆனால் 1933இல் பிறந்த வில்லி இப்போது உட்கார்ந்துதான் வாசிக்கிறார். உட்கார்ந்திருக்கும் பாடகரை, உட்கார்ந்திருக்கும் ரசிகர், நடுவில் நிற்கும் நானூறு முதுகைத் தாண்டி எப்படிப் பார்ப்பது? பெரியவரின் கண்ணுக்கு எதிரே ஒரு பெல்ட்டும், பின்பாக்கெட்டில் துருத்திய போனும்தான். "இப்போது என்ன செய்கிறார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பாட்டோடு பைனாகுலரை உறைக்குள் போட்டுவிட்டார்.

அரங்கு ஊழியரிடம் கேட்டால், இடத்தை விற்றது டிக்கெட் கம்பெனி என்றார். உங்கள் தளத்தின் சாட் உதவியில் கேட்டால், இடத்தை அமைத்தது அரங்கு என்கிறீர்கள். சரி, பணத்தை வாங்கிக்கொண்டது யார்?

பார்வையாளர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கும் நிகழ்ச்சிகளில், நிற்பவர்களைத் தாண்டி மேடை தெரியும்படி சக்கர நாற்காலி இடம் இருக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் வந்த 2010 வடிவமைப்புத் தரங்கள். அப்படி இல்லாத இடத்துக்குத் 'தெளிவான பார்வை' என்று பெயர் வைத்து விற்றது நீங்கள்தான்.

ஆகவே, சேவைக் கட்டணத்தோடு இரண்டு டிக்கெட்டின் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். சக்கர நாற்காலிகளுக்கான அந்த இடம் உயர்த்தப்படும்வரை உங்கள் வரைபடத்தில் 'பார்வை மறைக்கப்படும்' என்று போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கோருவேன், சட்டத்துறைக்கும் புகார் அனுப்புவேன்.

டிக்கெட் நகலையும், பெரியவரின் கண்மட்டத்தில் போனை வைத்து நான் எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன். மேடை அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பின்னால் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்