பையையும் திறக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை

அன்புள்ள மிச்சிகன் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். நம் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் சக மாணவர்களைத் துப்பாக்கியால் சுட்ட பையனின் தாய்க்கும் தந்தைக்கும் 2024 ஏப்ரலில் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பானபோது, நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நிம்மதி தெரிந்தது. “பெத்தவங்களைப் புடிச்சு உள்ள போட்டாதான் மத்தவங்களுக்குப் புத்தி வரும்” என்று எழுதினார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பில் மறுப்பில்லை. ஆனால் அந்த நிம்மதிக்குள் இன்னொரு நினைப்பும் ஒளிந்திருந்தது: நம் வீட்டில்தான் துப்பாக்கியே இல்லையே, இது அவர்கள் பாடு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ட்ராய், ரோச்செஸ்டர் ஹில்ஸ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஒன்றும் தூரமில்லை. அதே ஓக்லாண்ட் கவுண்டிதான். 2021 நவம்பர் 30 அன்று அங்கே நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். சுட்டவனுக்கு வயது 15. துப்பாக்கியை பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை நாளன்று அப்பா வாங்கினார். மறுநாள் அம்மா மகனைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். துப்பாக்கியோடு வந்த பூட்டு, பிரிக்கப்படாத உறையிலேயே கிடந்தது.

இதெல்லாம் வீட்டில் நடந்தது. பள்ளியில் நடந்ததையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முந்தைய நாளே வகுப்பில் அவன் போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததை ஓர் ஆசிரியர் பார்த்துச் சொல்லிவிட்டார். அன்று காலை கணக்குத் தாளில் துப்பாக்கி, ரத்தம் வழியும் உடல், “எண்ணங்கள் நிற்க மாட்டேன் என்கின்றன, உதவுங்கள்” என்ற வரி. ஆசிரியர் அதைப் படம் எடுத்துக் கொடுத்தார். ஆலோசகர் அறைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். வகுப்பில் இருந்த அவன் பையையும் எடுத்து வந்து அவனிடமே கொடுத்தார்கள். யாரும் திறந்து பார்க்கவில்லை. பெற்றோர் வந்தார்கள். முடிந்தால் இன்றே மனநல உதவிக்கு அழைத்துப் போங்கள் என்றார் ஆலோசகர். வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள் பெற்றோர். நான்கு நாள் முன்பு துப்பாக்கி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் பையோடு வகுப்புக்குத் திரும்பினான். மதியம் 12:51-க்கு முதல் சூடு.

பெற்றோர் சிறைக்குப் போனார்கள். பள்ளி நிர்வாகத்தில் யார் மீதும் குற்ற வழக்கு வரவில்லை. இறந்த பிள்ளைகளின் குடும்பங்கள் மாநில நீதிமன்றங்களில் பள்ளியின் மேல் தொடுத்த வழக்குகளும், அரசு அமைப்புகளுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டித் தள்ளுபடியாயின. பள்ளி வாரியமே அமர்த்திய விசாரணைக் குழு 2023 அக்டோபரில் கொடுத்த அறிக்கையோ, இருந்த விதிகளை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் தடுத்திருக்கலாம் என்றது. எனக்கு ஆசிரியர்களைக் கூண்டில் ஏற்றும் ஆசையெல்லாம் இல்லை. படத்தைக் கவனித்ததே ஓர் ஆசிரியர்தான். ஆனால் இரண்டு பெற்றோரைத் தண்டித்ததோடு கணக்கு நேராகிவிட்டது என்று ஊரே எழுந்து போனால், அடுத்த பள்ளியில் அந்த அறையில் உட்காரப் போகிறவர்களுக்கு யார் சொல்லித்தருவது?

அந்த அறையில் நாளை நாமும் உட்காரலாம், துப்பாக்கி இல்லாமலே. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? “எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க” என்பதுதான் முதல் பதில். ரெக்கார்டில் ஏறிவிடுமோ, காலேஜுக்கு இடிக்குமோ என்பது இரண்டாவது கவலை. மூன்றாவது, பதினோரு மணிக்கு மீட்டிங் இருக்கிறதே. விசாவில் இருப்பவர்களுக்கு மேனேஜரிடம் பர்மிஷன் கேட்பது எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மனநல மருத்துவரிடம் போனால் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று ஒத்திப்போடுகிற வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

சட்டம் நகராமல் இல்லை. 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களில் ஆளுநர் விட்மர் கையெழுத்திட்டார். அந்தச் சம்பவம் நடந்து சரியாக ஓராண்டு கழித்து அவை நடைமுறைக்கு வந்தன. சிறுவர்கள் இருக்கும் வீட்டில் கவனிப்பாரின்றி வைக்கும் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தோட்டா இல்லாமல் அதற்கான பூட்டைப் போட்டு வைத்தாக வேண்டும். ஆபத்தானவர் என்று தெரிந்தால் அவரிடமிருந்து துப்பாக்கியை எடுக்கச் சொல்லி குடும்பத்தாரே நீதிமன்றம் போகலாம். நல்ல சட்டம்தான், ஆனால் பக்கத்து வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க எந்தப் போலீஸும் வரப்போவதில்லை. நம் பிள்ளைகள் ஸ்லீப்ஓவர் போகிற வீடுகள் அவை. வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லி அனுப்புகிறோமே, அதே மூச்சில் “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி இருக்கிறதா?” என்றும் கேட்டுவிடலாம். கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று நாம்தான் பயப்படுகிறோம். வேட்டைக்குப் போகிற குடும்பங்களில் பலர் இதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிள்ளைகளிடம் ‘ஓகே டு சே’ பற்றிச் சொல்லுங்கள். யாராலாவது பள்ளிக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெயர் சொல்லாமல் தகவல் தர மாநில அரசு நடத்தும் சேவை அது. காட்டிக்கொடுப்பது தப்பு என்று நாம் வளர்த்திருப்போம். இந்த ஒரு விஷயத்துக்கு விதிவிலக்கு உண்டென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டப் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போங்கள். கணக்கில் முன்னேறிய வகுப்பு வேண்டும் என்று கேட்க நாற்பது பேர் திரள்கிற நாம், ஒரு மாணவன் ஆபத்தானவனா என்று முடிவெடுப்பது யார், அவர்களுக்குப் பயிற்சி உண்டா, பையைச் சோதிக்க யாருக்கு அதிகாரம், பெற்றோர் அழைத்துப் போக மறுத்தால் அடுத்தது என்ன என்று கேட்க ஒருவர்கூட எழுந்து பார்த்ததில்லை. எழுத்தில் பதில் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் எழுதி எடுத்துப் போய்ப் படிக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓக்லாண்ட் கவுண்டியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாய்