ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவைக் கூட்டிக் காட்டும் ஸ்ட்ரிப்: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் தவறான அளவு காட்டியது, பெட்டியில் எச்சரிக்கை இல்லாதது தொடர்பாக

ஐயா/அம்மா,

உங்கள் குளுக்கோமீட்டரில்தான் என் அம்மாவுக்கு வீட்டில் சர்க்கரை பார்க்கிறோம். சர்க்கரையோடு சிறுநீரகப் பாதிப்பும் அவருக்கு உண்டு. மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி இன்சுலின் யூனிட்டைக் கூட்டியோ குறைத்தோ போடுவோம்.

சென்ற மாதம் ஒரு காலையில் மீட்டர் 212 காட்டியது. அதற்குரிய இன்சுலின் போட்டு, சாப்பாடும் கொடுத்தோம். மதியத்துக்குள் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறி, எங்களையே அடையாளம் தெரியாத நிலை வந்துவிட்டது. மருத்துவமனை லேபில் 52. அதே நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தபோது உங்கள் மீட்டர் காட்டியது 79. அதை மட்டும் நம்பியிருந்தால், சர்க்கரை இறங்கவில்லை என்றுதான் நினைத்திருப்போம்.

மருத்துவர் முதலில் கேட்டது ஹீமோகுளோபின் எவ்வளவு என்று. 7.6, அதாவது ரத்தசோகை. அப்புறம்தான் காரணம் புரிந்தது. ஸ்ட்ரிப்பில் உள்ள நொதி ரத்தத்தின் குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அதில் வெளிப்படும் எலக்ட்ரான்களால் வரும் சிறு மின்னோட்டத்தை மீட்டர் எண்ணாக மாற்றுகிறது. சிவப்பணுக்கள் குறைந்த ரத்தத்தில் குளுக்கோஸ் தடையில்லாமல் நொதியைச் சென்றடையும், மின்னோட்டம் கூடும், எண்ணும் ஏறும். உங்கள் ஸ்ட்ரிப் ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 30 முதல் 55 சதவீதம் வரைதான் சரியாக வேலை செய்யும் என்று உங்கள் துண்டுச்சீட்டிலேயே இருக்கிறது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், கடைசி மடிப்பில். ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஹெமடோக்ரிட் ஏறக்குறைய வந்துவிடும். அம்மாவுக்கு 23.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியபோது, கை கழுவினீர்களா என்று கேட்டார்கள். கழுவித்தான் பார்த்தோம். விரல் ரத்தமும் லேப் ரத்தமும் வேறுபடும் என்றார்கள். சாப்பிட்ட பிறகு வேறுபடும், சரி. வெறும் வயிற்றில் பெரிய வித்தியாசம் வராது. மறுவாரம் வெறும் வயிற்றிலேயே ஒப்பிட்டுப் பார்த்தோம்: லேப் 121, உங்கள் மீட்டர் 168. குளுக்கோமீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197:2013 தரத்தின்படி, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 95 சதவீத முடிவுகள் லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 39 சதவீதம். அந்தத் தரச் சான்றைத்தான் பெட்டியின் முகப்பில் பெரிதாக அச்சடித்திருக்கிறீர்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவே கெட்டுப்போயிருக்குமோ என்று சோதிக்க கண்ட்ரோல் சொல்யூஷன் (குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) கேட்டேன். வேலூரில் எந்த மருந்துக்கடையிலும் இல்லை, நீங்களும் இந்தியாவில் தனியாக விற்பதில்லை என்றீர்கள். சந்தேகம் வந்தால் அதை வைத்துச் சோதிக்கச் சொல்வது உங்கள் கையேடுதான். கிடைக்காத ஒன்றை எப்படிப் பயன்படுத்துவது? 30 டிகிரிக்குள் வைக்க வேண்டிய ஸ்ட்ரிப்பை மே மாதத்தில் சாதாரண கூரியரில் அனுப்புகிறீர்கள். இங்கே அப்போது வெயில் 40-ஐத் தாண்டும்.

எனக்குக் கோபம் அம்மாவுக்காக மட்டும் இல்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தசோகை சர்வசாதாரணம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களில் கர்ப்பகாலச் சர்க்கரைக்காக வீட்டிலேயே விரலில் குத்திப் பார்ப்பவர்களும் உண்டு. ஹெமடோக்ரிட்டையும் சேர்த்து அளந்து எண்ணைத் திருத்தும் மீட்டர்கள் சந்தையில் இருக்கின்றன. உங்களுடையதில் அந்த வசதி இல்லையென்றால், வாங்குகிறவருக்கு அது பெட்டியைப் பார்த்ததுமே தெரிய வேண்டும்.

எனவே நான் கேட்பது: இந்த பேட்ச் ஸ்ட்ரிப்பைப் பரிசோதித்து முடிவை எழுத்தில் தாருங்கள். மீதியுள்ள ஸ்ட்ரிப்புக்கும் மீட்டருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். ரத்தசோகை எச்சரிக்கையைப் பெட்டியின் வெளியே தமிழிலும் அச்சிடுங்கள். கண்ட்ரோல் சொல்யூஷன் மருந்துக்கடைகளில் கிடைக்க வழி செய்யுங்கள். பேட்ச் எண், பில், இரண்டு லேப் அறிக்கைகள், மீட்டர் திரையின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்யும் இந்திய பார்மகோபியா கமிஷனுக்கு மருத்துவர் மூலம் தகவல் அனுப்புகிறோம். 15 நாளுக்குள் உங்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
வேலூர்